ஓவர்கிளாக் பண்ணப் போறீங்களா? மதர்போர்டு வாங்கும் முன் கவனிக்க வேண்டிய 7 விஷயங்கள்!

மே மாதம், இரவு 11 மணி. நண்பர் ஒருவரிடமிருந்து போன். ஃப்ரீலான்ஸ் வீடியோ எடிட்டர். கல்யாண வீடியோக்கள்தான் அவருக்குச் சோறு போடுகின்றன.

"மச்சி, நாளைக்குக் காலையில பொண்ணு வீட்டுக்கு வீடியோ கொடுக்கணும். ரெண்டு மணி நேரத்துல முடியுற ரெண்டர், இப்ப கிட்டத்தட்ட மூணு மணி நேரம் இழுக்குதுடா. பேசாம வேற மதர்போர்டு வாங்கி ஓவர்கிளாக் பண்ணிடலாம்னு இருக்கேன். எது வாங்கட்டும்?"

அவரிடம் இருப்பது இன்டெல் கோர் ஐ5 12600கே சிப், 32 ஜிபி டிடிஆர்4 ரேம், அதோடு கடைக்காரர் "இதுவே போதும் தம்பி" என்று மாட்டிக்கொடுத்த விலை குறைந்த பி660 மதர்போர்டு. புது போர்டுக்காக அவர் ஒதுக்கி வைத்திருந்தது, அடுத்த மாத வீட்டு வாடகைக்கான பணம். தப்பான போர்டை வாங்கிவிட்டால் வேகமும் வராது, பணமும் திரும்பாது.

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம். வீட்டு கம்ப்யூட்டரை அப்கிரேடு பண்ணி ஓவர்கிளாக் செய்ய நினைக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

ஒரு பிராசஸரை, நிறுவனம் நிர்ணயித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓட வைப்பதுதான் ஓவர்கிளாக். வேகத்தை ஏற்றினால் சிப் தடுமாறும். தடுமாறாமல் இருக்க வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிப் இழுக்கும் மின்சாரம், வேகத்துக்கு ஏற்ப நேர் விகிதத்திலும் வோல்டேஜுக்கு ஏற்ப இருமடி விகிதத்திலும் ஏறும். உதாரணமாக, 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோகிறீர்கள். வேகம் 11 சதவீதம் கூடுகிறது. அதற்காக வோல்டேஜை 1.2லிருந்து 1.32க்கு, அதாவது 10 சதவீதம் ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மின் செலவு சுமார் 34 சதவீதம் எகிறிவிடும். 150 வாட் இழுத்த சிப், 200 வாட்டைத் தொடும்.

அந்த 200 வாட்டை சிப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை யாருடையது? மதர்போர்டுடையது. அதனால்தான் ஓவர்கிளாக் என்றதும் மதர்போர்டு முக்கியமாகிறது.

1. உங்கள் சிப்செட் ஓவர்கிளாக்கை அனுமதிக்கிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பலரும் கோட்டைவிடும் இடமும் இதுதான்.

இன்டெலில் இரண்டு பொருத்தம் வேண்டும். சிப்பின் பெயரில் எண்ணுக்குப் பின்னால் 'கே' இருக்க வேண்டும். மதர்போர்டின் சிப்செட் 'இசட்' வரிசையாக இருக்க வேண்டும். இசட்690, இசட்790, புதிய கோர் அல்ட்ரா 200எஸ் சிப்களுக்கு இசட்890. பி660, பி760, பி860 போர்டுகளில் ரேமின் வேகத்தை ஏற்றலாம்; பிராசஸரின் மல்டிபிளையரை ஏற்ற முடியாது. எச்610 போர்டில் ரேம் ஓவர்கிளாக்கும் கிடையாது.

அதாவது, நண்பர் 'கே' சிப்புக்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு, அதை ஓவர்கிளாக் பண்ணவே முடியாத போர்டை இத்தனை நாளும் வைத்திருந்தார்!

ஏஎம்டி இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். ஏஎம்5 சாக்கெட்டில் பி650, பி850, எக்ஸ்670, எக்ஸ்870 எல்லாமே ஓவர்கிளாக்கை அனுமதிக்கும். ஏ620, பி840 ஆகிய இரண்டிலும் பிராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. பழைய ஏஎம்4 சாக்கெட்டில் பி450, பி550, எக்ஸ்570 ஓகே. ஏ320, ஏ520 ஆகாது.

ஏஎம்டியிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. ரைசன் 7 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி போன்ற சிப்களில் மல்டிபிளையர் பூட்டப்பட்டிருக்கும். பின்னர் வந்த 9800எக்ஸ்3டியில் அந்தப் பூட்டு இல்லை.

2. விஆர்எம்: பெட்டியில் பெரிதாகப் போடாத முக்கியப் பகுதி

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு வருவது 12 வோல்ட். சிப்புக்கு வேண்டியதோ 1 வோல்ட்டைச் சுற்றி. இந்த மாற்றத்தைச் செய்வதுதான் 'விஆர்எம்' எனப்படும் பகுதி. சாக்கெட்டைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன சதுரப் பெட்டிகள் தெரியும் இல்லையா, அந்த ஏரியாதான்.

150 வாட்டை 1.2 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமென்றால் 125 ஆம்பியர் கரன்ட் பாய வேண்டும். நம் வீட்டில் ஏசிக்குப் போடும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர்தான். வோல்டேஜ் மிகக் குறைவு என்பதால் கரன்ட் இவ்வளவு ஏறுகிறது. ஓவர்கிளாக் செய்து 200 வாட்டைத் தொட்டால் 150 ஆம்பியருக்கு மேல் போகும்.

இந்தச் சுமையைப் பல 'ஃபேஸ்'கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. 6 ஃபேஸ் என்றால் ஒன்றுக்கு 25 ஆம்பியர்; 12 ஃபேஸ் என்றால் 12.5 ஆம்பியர். கரன்ட் பாதியாகக் குறையும்போது, மின்தடையால் அந்த ஒரு ஃபேஸில் உண்டாகும் சூடு ஏறத்தாழ கால்வாசியாகிவிடும். ஃபேஸ் அதிகமுள்ள போர்டு கூலாக இருக்கக் காரணம் இதுதான்.

பெட்டியில் '12+1+1' என்று போட்டிருந்தால் முதல் எண்தான் பிராசஸர் கோர்களுக்கானது. மற்றவை உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் உள்ளிட்ட பகுதிகளுக்கு. ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 50 ஆம்பியர் தாங்கும் 12 ஃபேஸும், 90 ஆம்பியர் தாங்கும் 12 ஃபேஸும் ஒன்றல்ல. அந்தப் போர்டை நீண்ட நேரம் லோடில் ஓடவிட்டு, விஆர்எம் வெப்பநிலையை அளந்து காட்டும் ரிவ்யூக்களைத் தேடிப் பாருங்கள்.

ஒரு எளிய விதி: விஆர்எம் மேல் உலோக ஹீட் சிங்க் இல்லாத போர்டை ஓவர்கிளாக் வேலைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

3. ரிவ்யூ பண்ணுபவரின் ரூமும் உங்கள் ரூமும் ஒன்றா?

வெளிநாட்டு யூடியூப் சேனல்களில் வரும் சோதனைகள் பெரும்பாலும் 20லிருந்து 23 டிகிரி வரை இருக்கும் அறையில் நடப்பவை. சென்னையில் மே மாதம் ஃபேன் மட்டும் ஓடும் ரூம் 36, 37 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அறை 15 டிகிரி அதிகமானால், உள்ளே இருக்கும் பாகங்களும் கிட்டத்தட்ட அதே அளவு அதிகம் சூடாகும். ரிவ்யூவில் 85 டிகிரி காட்டிய விஆர்எம், நம்மூரில் 100 டிகிரியில் நிற்கும்.

குறிப்பிட்ட அளவுக்கு மேல் சூடானால் விஆர்எம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பிராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். இதற்குப் பெயர் த்ராட்லிங். நண்பரின் பிரச்னையும் இதுவாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது.

"டேய், முதல்ல சைடு பேனலைக் கழட்டு. எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டு, ரெண்டர் ஓடும்போது கோர் வேகமும் 'விஆர் மாஸ்' சூடும் எவ்வளவுன்னு பாரு" என்றேன். 15 நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வந்தது. 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய சிப் 3.2க்கு இறங்கியிருந்தது. சிப்பின் சூடு நார்மல். விஆர்எம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"சரி, டேபிள் ஃபேனைத் தூக்கிட்டு வந்து போர்டுக்கு நேரா வை." வைத்தார். வேகம் 4.5க்கு ஏறி அப்படியே நின்றது. வீடியோ காலையில் பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

இங்கே ஒரு கணக்கு போடலாம். ஓவர்கிளாக் செய்து 4.5லிருந்து 5க்குப் போனால், 2 மணி நேர ரெண்டரில் மிச்சமாவது அதிகபட்சம் 12 நிமிடம். த்ராட்லிங்கை நிறுத்தி 3.2லிருந்து 4.5க்கு வந்ததால் மிச்சமானது சுமார் 50 நிமிடம். நல்ல மதர்போர்டு பலருக்கும் தருவது கூடுதல் வேகத்தை அல்ல. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வேகத்தை.

லிக்விட் கூலர் மாட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண ஏர் கூலரின் ஃபேன் காற்று, பக்கத்தில் இருக்கும் விஆர்எம்மையும் கொஞ்சம் தொடும். லிக்விட் கூலரில் ரேடியேட்டர் தள்ளி இருப்பதால் அந்தக் காற்று கிடைக்காது. கேபினட்டில் காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ரேம்: பழையதா, புதியதா?

டிடிஆர்4 ஸ்டிக் டிடிஆர்5 ஸ்லாட்டில் பொருந்தாது. நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஏஎம்5, இன்டெல் 800 வரிசை போர்டுகள் டிடிஆர்5 மட்டும்தான். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் மட்டும் இரண்டு வகை போர்டுகளும் வந்தன. ஒரே மாடலில் 'டி4' என்று ஒரு எழுத்து, ஒரு எண்தான் வித்தியாசம் இருக்கும். பில் போடும் முன் அதை இன்னொரு முறை படியுங்கள்.

2025 பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான தேவைதான் முக்கியக் காரணம். எனவே கையில் 32 ஜிபி டிடிஆர்4 இருப்பவர், சாக்கெட்டையே மாற்றும் முன் ரேமுக்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

டிடிஆர்5 வாங்குபவர்கள் 4 ஸ்டிக் போடாமல் 2 ஸ்டிக்காக வாங்குவது நல்லது. ரைசன் 7000 சிப்களுக்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் அதிகாரபூர்வ வேகம் 2 ஸ்டிக்குக்கு 5200, 4 ஸ்டிக்குக்கு 3600 மட்டுமே. நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகளில் 2 ஸ்டிக்கை பொதுவாகப் பிராசஸரிலிருந்து எண்ணும்போது 2வது, 4வது ஸ்லாட்டில் போட வேண்டும். பிறகு பயாஸில் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்ய மறக்காதீர்கள். அதைச் செய்யாமல், காசு கொடுத்த ரேமைக் குறைந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

5. பயாஸ் அப்டேட்: பழைய ஸ்டாக் ஜாக்கிரதை

2022ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு தொடரும் என ஏஎம்டி அறிவித்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் 2023லிருந்து கடையில் தூங்கும் பி650 போர்டில், 2024ல் வந்த ரைசன் 9000 சிப்பை மாட்டினால் ஆன் ஆகாமல் போகலாம். பயாஸ் அப்டேட் தேவை. 'பயாஸ் ஃப்ளாஷ்பேக்' பட்டன் உள்ள போர்டாக இருந்தால், சிப்பே இல்லாமல் பென் டிரைவை வைத்து அப்டேட் செய்துவிடலாம்.

அப்டேட் என்பது புது சிப்புக்கு மட்டுமல்ல. 2023 ஏப்ரலில், ரைசன் 7000எக்ஸ்3டி சிப்கள் சில கருகிப்போனதாகப் புகார்கள் வந்தன. சில போர்டுகள் எக்ஸ்போ ஆன் செய்ததும் 'எஸ்ஓசி' வோல்டேஜை அளவுக்கு மீறி ஏற்றியிருந்தன. அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தும் பயாஸை ஏஎம்டி வெளியிட்டது.

இன்டெலில் 13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் கிராஷ் பிரச்னை வந்தது. சிப் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்கியதே காரணம் என்று 2024ல் இன்டெல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட்டிலிருந்து திருத்தங்கள் பயாஸ் வழியாக வந்தன. வாரன்டியும் 2 ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஆனால் திருத்தம் புதிய சேதத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே பழுதான சிப்பைச் சரிசெய்யாது. செகண்ட் ஹேண்டில் 13900கே, 14900கே வாங்க நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 12வது தலைமுறைக்கு இந்தப் பிரச்னை இல்லை.

அப்டேட் செய்யும்போது கரன்ட் போனால் போர்டே படுத்துவிடலாம். யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

6. கேபினட், எஸ்எம்பிஎஸ், ஸ்லாட்: பொருந்துமா?

ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. மினி ஐடிஎக்ஸ் 170க்கு 170. உங்கள் கேபினட் எதற்கானது என்று அளந்து பாருங்கள். பிராசஸர் பவருக்கான 8 பின் கேபிள் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்க வேண்டும். பழைய கூலர், புது சாக்கெட்டுக்குப் பொருந்துமா என்பதையும் கேளுங்கள்.

எம்.2 ஸ்லாட் விஷயத்தில் மேனுவலைப் படிப்பது அவசியம். சில போர்டுகளில் குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் இரண்டு சாட்டா போர்ட்கள் வேலை செய்யாது. ஐந்தாறு ஹார்டு டிஸ்க் வைத்திருக்கும் எடிட்டர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். மேனுவல், போர்டு நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். வாங்கும் முன்பே படிக்கலாம்.

7. பழைய போர்டைக் கழற்றும் முன்: டேட்டா பத்திரம்!

நிறைய பேர் யோசிக்காத, ஆனால் அதிகம் வலிக்கும் விஷயம் இது.

விண்டோஸ் 11ல் டிரைவ் என்கிரிப்ஷன் உங்களுக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கலாம். அதன் சாவி டிபிஎம் எனப்படும் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும். மதர்போர்டையோ சிப்பையோ மாற்றினால் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் டிரைவைத் திறக்க வழியே இல்லை. கல்யாண ஃபுட்டேஜ், குடும்ப போட்டோ எல்லாம் உள்ளேயே இருக்கும்; உங்களால் பார்க்க முடியாது.

எனவே முதலில் செட்டிங்ஸில் போய் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' அல்லது 'பிட்லாக்கர்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் ரெக்கவரி கீயை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மாற்றும் முன் என்கிரிப்ஷனை ஆஃப் செய்யுங்கள். முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் லைசென்ஸ் 'ஓஇஎம்' வகை என்றால் அது பழைய மதர்போர்டோடு கட்டப்பட்டது. புது போர்டில் செல்லாது. 'ரீடெய்ல்' வகையை மாற்றிக்கொள்ளலாம். அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கட்டாயம். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். எல்ஜிஏ1700, எல்ஜிஏ1851, ஏஎம்5 போர்டுகளில் பின்கள் சாக்கெட்டில்தான் இருக்கும். "அண்ணா, ஒரு தடவை திறந்து காட்டுங்க" என்று கேட்டு, பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே பின்கள் வளையாமல் வரிசையாக இருக்கின்றனவா என்று மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த பின்னுக்கு வாரன்டி கிடைக்காது. அந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சர்வீஸுக்கு அனுப்பும்போது அது தேவைப்படும்.

வாரன்டி பற்றி இன்னொன்று. ஓவர்கிளாக் செய்ததால் வரும் சேதம் பொதுவாகப் பிராசஸர் வாரன்டியில் சேராது.

அப்படியென்றால், யாருக்கு எது?

கேமிங், ஆபீஸ் வேலை, படம் பார்ப்பது மட்டும் என்றால்: ஓவர்கிளாக் அவசியமே இல்லை. ஹீட் சிங்க் உள்ள நல்ல பி வரிசை போர்டு போதும். மிச்சப் பணத்தை கிராஃபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

ரெண்டர், 3டி, கோடு கம்பைல் என்று மணிக்கணக்கில் ஃபுல் லோடு போடுபவர்கள்: விஆர்எம்மில் காசு போடுங்கள். ஓவர்கிளாக் இரண்டாம்பட்சம்.

எல்ஜிஏ1700ல் 'கே' சிப்பும் டிடிஆர்4 ரேமும் வைத்திருப்பவர்கள்: இசட்690 அல்லது இசட்790 டிடிஆர்4 போர்டு கிடைத்தால், அதை மட்டும் மாற்றுவதே சிக்கனம்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்குபவர்கள்: ஏஎம்5ல் நல்ல பி650 அல்லது பி850. பின்னாளில் சிப்பை மட்டும் மாற்றும் வாய்ப்பு கையில் இருக்கும்.

நண்பர் என்ன செய்தார்? டேபிள் ஃபேனை வைத்தே அந்த மாதத்தை ஓட்டினார். வாடகைப் பணம் வாடகைக்கே போனது. அடுத்த இரண்டு கல்யாண ஆர்டர் பணம் வந்தபிறகு, பெரிய ஹீட் சிங்க் உள்ள இசட்690 டிடிஆர்4 போர்டு ஒன்றை வாங்கினார். சிப் அதே, ரேம் அதே. இப்போது ஃபேன் இல்லாமலே ரெண்டர் 2 மணி நேரத்தில் முடிகிறது.

"ஓவர்கிளாக் பண்ணிட்டியா மச்சி?" என்று போன வாரம் கேட்டேன்.

"இன்னும் இல்லடா. இப்போதைக்கு இதுவே போதும். கல்யாண சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார்.

நீங்களும் புது போர்டுக்கு ஆர்டர் போடும் முன், ஒரு அரை மணி நேரம் ஃபுல் லோடு கொடுத்து உங்கள் கம்ப்யூட்டர் எங்கே மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். அதற்குச் செலவு எதுவும் இல்லை.